தலைக்கு மேல் வரும் நேரம்

கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. அவ்வளவுதான், மருமகள் பாதி தேய்த்த பாத்திரத்தைத் தொட்டியிலேயே போட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த மாமியாரின் கால் நின்றது. நேற்று விடிகாலை, இன்று விளக்கு வைக்கும் நேரம். புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, இவளுக்கு அழைப்பு வர நேரம் காலமே கிடையாது.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க," என்று ரவிக்கை வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பிப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளத்தான் சொல்வார்கள். "உங்க மாடியில ஆம்பளைக் குரல் கேக்குது. எனக்கென்ன வந்துச்சு, உங்க மானம்தானே!"

"உன் ரவிக்கைக்குத் தையல் போட்டாச்சு. வாய்க்கும் போடணுமா?"

அவளை விரட்டியாயிற்று. அவள் சொல்லிவிட்டுப் போனதை விரட்ட முடியவில்லை.

ஒரே மகன். கல்லூரிப் பட்டறையில் கம்பி பற்றவைக்கிற வேலை. இவளைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்றே தாய் அவனோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீம்பு தீர்வதற்குள் அவன் வேலைக்குப் போன பஸ் கவிழ்ந்தது.

பிணம் எடுத்த அன்றைக்கு மருமகளிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அவன் பேரை இனி உன் வாயால எடுக்காதே."

எடுக்கவில்லைதான். ஆனால் அவன் ஆசையாக வைத்திருந்த இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தாள். அதன் காலிக்கூட்டைக் குப்பைக்கூடையில் பார்த்தபோதே மாமியாருக்கு ரத்தம் கொதித்தது. போதாததற்கு, மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்டீங்களா அத்தை?" என்று வேறு கேட்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மாமியார் பதில் சொன்னதே இல்லை.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று படியேறினாள். கதவிடுக்கில் ஆண்குரல் கேட்டது. கரகரப்புக்கு நடுவே, "...எல்லாருக்கும் வணக்கம்..."

கதவை உதைத்துத் திறந்தாள். "யாருடி அவன்?"

மாடியில் யாருமில்லை. மருமகள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றாள். குழாயின் குறுக்கே மஞ்சள் பட்டைகள், அவற்றின் மேல் அளவு எண்கள். மகனின் டேப். இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி இரைந்துகொண்டிருந்தது.

"கத்தாதீங்க அத்தை. அவர் டேப்பை வெச்சு நான் செஞ்ச ஆன்டெனா இது. அவர் வேலை செஞ்ச சாட்டிலைட் வருது." அது நெருங்கினால் அதிர்ந்து சொல்லும் கைப்பேசியைக் காட்டினாள். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. "காலேஜுல எல்லாருமா சேர்ந்து குட்டியா ஒண்ணு செஞ்சாங்கல்ல, அதுதான். ஆளுக்கு ஒரு வரி பேசி உள்ள வெச்சிருக்காங்க. நம்ம தலைக்கு மேல போறப்ப மட்டும் கேக்கும். அவரும் பேசியிருக்காரு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. மறுகணம் கோபம் இரட்டிப்பாயிற்று. "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனவன், பொண்டாட்டிய மட்டும் வானத்துலேருந்து கொஞ்சறானா? அதை ஒளிச்சு வெச்சு நீ ஒருத்தியே கேட்டுட்டிருக்கே?"

"அவர் பேரை எடுக்கக் கூடாதுன்னது நீங்க." முதல்முறையாக மருமகளின் குரல் உயர்ந்தது. "அப்புறமா திட்டுங்க. அது நாளுக்கு நாள் கீழ இறங்கிட்டே இருக்கு, எரிஞ்சுடுமாம். இன்னிக்கு விட்டா நாளைக்கு இருக்குமான்னு தெரியாது."

"உன்கிட்ட சொன்னதை நான் எதுக்குடி கேக்கணும்?"

திரும்பியவளின் மணிக்கட்டை மருமகள் இறுகப் பிடித்தாள். வாக்கி-டாக்கியை அவள் காதில் வைத்து அழுத்தினாள். புள்ளி வட்டத்தின் நடுவுக்கு வந்திருந்தது.

ஒரு பெண்ணின் குரல். பிறகு ஒரு பெரியவர். பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சின்ன வயதிலிருந்து, பேசக் கூச்சப்பட்டால் அவன் செருமுகிற அதே செருமல்.

"அம்மா, சாப்டியா?"