ஓரா முள்

இன்றைக்கும் ஓரா மீன் குத்திவிட்டதாம். கையை உதறிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினான் அவள் புருஷன் சூசை.

இந்த மாதத்தில் நான்காவது தடவை.

அவள் வலையைப் பிடித்தபடி கரையிலேயே நின்றாள்.

ஓரா பாவப்பட்ட மீன். கரையை ஒட்டிய கடற்புல்லில் ஆடு மாதிரி மேயும். பெரும்பாலும் ஜோடியாகத்தான் திரியும். வயிற்றைக் கீறினால் குடல் முழுக்கப் பச்சைப் பாசிதான். யாரையும் கடிக்காது.

ஆனால் முதுகிலும் அடிவயிற்றிலும் விஷமுள். ஏறிவிட்டால் கை கடுத்துத் தள்ளும். பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீரில் கையை வைத்தால்தான் அடங்கும்.

அந்தக் கரையில் சுடுதண்ணீருக்கு டீக்கடைதான்.

டீக்கடையில் பிலோமி இருந்தாள். போன மாதம்தான் கடை போட்டாள்.

இருபது வருஷமாக ஓரா வலை விடுகிறவன் சூசை. கண்ணை மூடிக்கொண்டே முள்ளை மடக்கி மீனைக் கழற்றுவான். ஒரு குத்து வாங்கியதில்லை. பிலோமி வந்த பிறகுதான் கடலில் இருக்கிற மீனுக்கெல்லாம் இவன்மேல் கோபம் வந்துவிட்டதாக்கும்!

அங்கே பிலோமி அவன் கையைப் பிடித்துச் சட்டித் தண்ணீருக்குள் வைத்தாள். எதற்கோ இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வலியில் துடிக்கிறவனுக்குச் சிரிப்பு வருமா?



மறுநாள் காலையில் பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முள்ளு ஏறுனா இங்கனயே ஊத்திக்கலாம். அம்புட்டுத் தூரம் ஓட வேணாம்."

சூசை பிளாஸ்க்கைப் பார்த்தான்.

எதிரெதிரே உட்கார்ந்து மீன் கழற்றினார்கள். பத்து ஓரா. இருபது ஓரா. பாதி வலை தீர்ந்தது.

அவனை ஒரு முள்கூடத் தொடவில்லை.

அவள் கை மீனில் இருந்தது. கண் அவன் முகத்தில் இருந்தது. எப்போது தலையைத் தூக்குவான், எந்தப் பக்கம் பார்ப்பான் என்று.

சுருக்கென்றது.

"யம்மா!"

உள்ளங்கையில் ஆழமாக இறங்கியிருந்தது முள்.

சூசை பதறிப்போய் எழுந்தான். நிஜமான பதற்றம். அவள் கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். உயிர் போகிற அந்த வலியிலும் அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இரு, சுடுதண்ணி வாங்கிட்டு வந்துர்றேன்" என்றான்.

பிளாஸ்க்கைத் தாண்டி ஓடினான்.