குமுதாவின் சிபாரிசு

"இவங்களுக்கு நான் இதைக் கொடுக்க முடியாதும்மா."

சீனி முகம்மது அமைதியாகச் சொல்லிவிட்டு, மேசை மேல் எடுத்து வைத்த அஸ்வகந்தா கேப்சூல் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

குமுதாவுக்குச் சுருக்கென்றது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் இந்த நாட்டு மருந்துக் கடைக்கு எட்டு மாதமாக அவள் வாடிக்கை. கூட வேலை பார்க்கும் ஃபாத்தினை இன்று அவள்தான் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எல்லாம் சொந்த அனுபவத்தில் வந்த தைரியம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைன் லீடர் ஆனதிலிருந்து குமுதாவுக்கு ஓயாத படபடப்பு. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே கை சில்லிட்டுப்போகும். இந்தக் கேப்சூலை ஆரம்பித்து ஒரு மாதத்தில் அது அடங்கியது. இப்போது மீட்டிங்கில் மேனேஜருக்கே நிமிர்ந்து பதில் சொல்கிறாள்.

அன்றிலிருந்து கேன்டீனில் யார் முகம் வாடியிருந்தாலும் அவள் விடுவதில்லை. "நான் சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்லா. வெறும் வேர்தான். ஒண்ணும் செய்யாது."

அப்படித்தான் ஃபாத்தினும் கிளம்பி வந்தாள்.

"ஏன் அண்ணே, ஸ்டாக் இல்லையா?"

"இருக்கு."

"பின்ன? வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டீங்க. இல்லைன்னு அவளும் சொல்லிட்டா. எனக்கும் அன்னிக்கு இதே கேள்விதானே கேட்டீங்க, உடனே கொடுத்தீங்களே."

"சொன்னாங்கதான். ஆனா எனக்குக் கொடுக்க மனசு வரல."

"மனசு வரலைன்னா? நீங்க என்ன டாக்டரா?"

"இல்லம்மா. கடைக்காரன்தான்."

ஃபாத்தின் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். "அக்கா, வாங்க, போயிடலாம்" என்றாள் மெதுவாக.

குமுதா விடுவதாக இல்லை. "சரி. எனக்கு ஒண்ணு கொடுங்க."

"உங்களுக்குப் போன வாரம்தான் கொடுத்தேன். அது முடியட்டும்."

கடைக்குள் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். குமுதாவின் குரல் உயர்ந்தது.

"ஆள் முகத்தைப் பார்த்துத்தான் விப்பீங்களா? நாலு காசு சேர்ந்ததும் மனுசனுக்குத் திமிர் வந்துடுது."

"அப்படியே வச்சுக்கங்கம்மா" என்றார் சீனி முகம்மது. அவர் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. அடுத்தவருக்குத் திப்பிலி நிறுக்கத் திரும்பினார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே குமுதா போனை எடுத்தாள். கடையின் பெயரைத் தேடி ஒற்றை நட்சத்திரம் போட்டாள். கீழே மளமளவென்று தட்டினாள்: 'ஆள் பார்த்து வியாபாரம் செய்யும் கடை. வந்த வாடிக்கையாளரை அவமானப்படுத்தும் முதலாளி. யாரும் போகாதீர்கள்.'

எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "எப்படி? இப்ப அனுப்புறேன் பாரு."

"அனுப்பாதீங்கக்கா."

"ஏன்? உன்னைத்தானே நாலு பேர் முன்னாடி அப்படி நிக்க வச்சாரு. எனக்கே வயிறு எரியுது, உனக்குக் கோபம் வரலையா?"

ஃபாத்தின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் அங்க பொய் சொன்னேன்க்கா. மருந்து சாப்பிடுறேன். ஒரு வருசமா."

"என்ன மருந்து?"

"மனநல கிளினிக்ல கொடுக்குற மாத்திரை. அதைச் சாப்பிடும்போது அவங்களைக் கேக்காம வேற எதையும், வேரோ இலையோ, சேர்க்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்காங்க. நீங்க இதைச் சாப்பிட்டு இவ்வளவு நல்லாயிட்டீங்களா, அதைப் பார்த்துட்டு, யாருக்கும் சொல்லாம அந்த மாத்திரையை விட்டுட்டு இதுக்கு மாறிடலாம்னு நெனச்சேன்."

குமுதாவின் விரல் போன் மேல் அப்படியே நின்றது.

"கிளினிக்ல கேக்காமயா? அது எவ்வளவு ஆபத்து. ஒரே லைன்ல நிக்கிறோம், ஒண்ணாச் சாப்பிடுறோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ஃபாத்தின்?"

"எப்படிக்கா சொல்றது? அந்த மாத்திரையெல்லாம் மூளை கலங்கினவங்க சாப்பிடுறது, நமக்கு எதுக்குன்னு கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் நீங்கதானே சொன்னீங்க. அன்னிக்கு நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அந்தச் சிரிப்பு குமுதாவுக்கு நினைவில் இல்லை. தான் சொன்னது நினைவில் இருந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லியிருக்கிறாள்.

தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழித்து முடித்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"என்கிட்டயே சொல்லாத விசயம். அந்த மனுசனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மாசாமாசம் அவரு சம்சாரத்தை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வருவாரு. எத்தனையோ தடவை எனக்குப் பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காரு" என்றாள் ஃபாத்தின். "உங்க முன்னாடி அதைச் சொல்லிடுவாரோன்னுதான் பயந்துக்கிட்டு நின்னேன். நீங்க திட்டுனதையெல்லாம் வாங்கிக்கிட்டாரே தவிர, கடைசி வரைக்கும் என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல."