மூக்கம்மா வாங்கிய அடி

தங்கையை அவள் மருமகள் அடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், சோலைமுத்து மன்னவனூரிலிருந்து ஜீப் பிடித்துப் பள்ளங்கிக்கு வந்துவிட்டார்.

"ஏத்தா மூக்கம்மா, பாண்டீஸ்வரி உன்னைய அடிச்சாளா இல்லையா?"

"அடிச்சா, அண்ணே."

"முதுகெல்லாம் செவந்து கெடக்காமே?"

"குப்புறப் படுக்கப்போட்டு அடிச்சா செவக்காதா?"

"உன் மகன் செல்வம் எங்க போனான்?"

"வெளிய அடுப்பெரிச்சுக்கிட்டு இருந்தான்."

"வெக்கங்கெட்ட பய. இன்னைக்கே அவளை அவ அப்பன் வீட்டுக்கு அனுப்புறேன்."

"அனுப்பிருவீகளோ! கொடைக்கானல் ஓட்டல்ல ரஷ்யா ஆவிக்குளியல் கட்டியிருக்காங்க. சூட்டு ரூம்புல படுக்கவச்சு, தைல மர இலைக்கட்டால அடிச்சு வேர்வை எடுக்கணும். ரஷ்யாக்காரி நேர்ல வந்து பாண்டீஸ்வரிக்குத்தான் சொல்லிக்குடுத்தா. இவதான் அங்க மாஸ்டர். தொறந்த அன்னைக்கு வெள்ளைக்காரிக வரிசையா உக்காந்திருக்க, 'மொத ஆளு எங்க அத்தை'ன்னு என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா."

சோலைமுத்து குரலை இறக்கிக் கேட்டார்.

"எனக்கும் இடுப்பு பிடிச்சுக் கெடக்கு. ஆம்பளைகளுக்கும் அடிப்பாகளா?"

"ஆம்பளைகளுக்குச் செல்வம்தான். கொஞ்சம் பொறுங்க. அவன் அடி சரியில்லைன்னு என் மருமக இன்னும் பாஸ் போடலை."