சோறு போடாத படிப்பு

"சர்டிபிகேட் காப்பியிலெல்லாம் சாப்பு குத்திக் கொடும்மா. லண்டனுக்கு எம்.ஏ. மனு போடணும். பழைய கிரேக்கத் தத்துவம்."

மலேசியாவின் பத்து காஜா ஊர் அரசாங்க அலுவலகத்தில் முத்திரையை எடுத்த அஞ்சலையின் கை அப்படியே நின்றது. எதிரே ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சதாசிவம், அவள் படித்த ரப்பர் தோட்டப் பள்ளியின் பெரிய வாத்தியார். இப்போது ஓய்வு பெற்றவர்.

எட்டு வருடத்துக்கு முன் இதே படிப்புக்காக, இதே சாப்புக்காக, அவர் வாசலில் நின்றவள் அஞ்சலை.

"பால்மரம் வெட்டுற வீட்டுப் பொண்ணுக்குக் கிரேக்கமா? அது சோறு போடுமா? கவர்மெண்டு வேலைக்கு எழுதிப் போடு" என்று சாப்பு குத்தாமல் இழுத்தடித்தார். மனுவின் கடைசித் தேதி கடந்துபோனது.

"ஏன் சார், இப்ப உங்க பிள்ளைக்கு மட்டும் அது சோறு போடுமா?" என்றாள் அஞ்சலை.

அவர் தலை குனிந்தார். அஞ்சலை வெடுக்கென்று அசல் பட்டத்தை இழுத்துப் பார்த்தாள். எண்பத்து மூன்றில் தபால் வழியே வாங்கிய பி.ஏ. பெயர், சதாசிவம்.

"எனக்குத்தாம்மா. வாலிபத்திலேருந்தே ஆசை. அப்ப சோத்துக்குப் பயந்தேன். உனக்கும் சேர்த்துப் பயந்துட்டேன். இப்ப பென்ஷன் வருது."

அஞ்சலை எல்லாத் தாளிலும் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"இதை ஈப்போவிலேயே முடிச்சிருக்கலாமே சார்? எதுக்கு இவ்வளவு தூரம்?"

"இதை அங்க முடிக்க முடியாதேம்மா."

பையிலிருந்து அதே படிப்புக்கான இன்னொரு மனுப் பாரத்தை எடுத்து நீட்டினார். பெயர் எழுதும் இடத்தில் மட்டும், அவருடைய கரும்பலகை எழுத்தில், அஞ்சலை என்று எழுதியிருந்தது.