கட்டிலுக்குத் திசை

கிள்ளானில், சீதாலெட்சுமி வீட்டு வாசலில் நின்ற பழைய வேனுக்குள் மடக்குக் கட்டில் செய்ய வந்த தச்சர் சுகுமாறன் தலையைச் சொறிந்தார்.

"படுத்தா தலை கிழக்கே இருக்கணும், தம்பி. வடக்கே கூடவே கூடாது," என்றார் சீதாலெட்சுமி.

"ஆன்டி, ஈப்போ போனா ஒரு திசை, மலாக்கா போனா ஒரு திசை லா! சுத்துற கட்டில்தான் செய்யணும்."

"வேணாம். ஒரே பக்கமா ஆணி அடிச்சிடு."

"வேன் திரும்புமே!"

"எங்க திரும்பும்? இன்ஜினைத்தான் கழட்டி வித்தாச்சே."

சுகுமாறன் மேலும் குழம்பினார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் பதிலுக்குச் சங்கு ஊதும்படி ஒரு குறட்டை கிளம்பியது.

"என் வீட்டுக்காரர். இனிமே இங்கதான் படுப்பார். நானும் தூங்கணும்ல?"

"அப்புறம் எதுக்கு ஆன்டி கிழக்கு?"

"சத்தம்தான் வெளியே போகணும், தம்பி. அவர் ஆயுசோட இருக்கணும்!"