யாருடைய கண்கள்

மான் கூட்டத்தைப் பின்தொடர்ந்து, பனி விலகிய நிலம் தேடி வடக்கே நடந்துகொண்டிருந்த அந்த மக்கள் எல்லாருக்கும் கரிய தோல், கரிய கண்கள். குழந்தை பிறந்தால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் யாராவது ஒருவர் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். ரத்த உறவு தேவையில்லை. நல்ல மூக்காக இருந்தால் சண்டையே வரும். யாரும் கேட்காத உறுப்போடு பிறந்தது அந்நியக் குழந்தை. அடுத்த ஆற்றைக் கடக்கும்போது அதை இக்கரையிலேயே விட்டுவிடுவார்கள்.

நாணல் என்பவளுக்குப் புதிதாய்ப் பிறந்த மகளை ஆற்றங்கரையில் நெருப்பருகே கிடத்தினார்கள்.

"மூக்கு என்னோடது" என்றான் நாணலின் கணவன்.

"காது எங்கம்மாவோடது" என்றாள் அவன் தங்கை.

அப்போது குழந்தை கண் திறந்தது. இரண்டும் நீலம்.

"இது யாரோட கண்ணு?" என்று தலைவி கேட்டாள். எல்லாரும் எழுந்துபோய் தோணிகளை நீரில் தள்ளத் தொடங்கினார்கள். நாணல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோடதுதான்."

சொன்னவள் கொம்பி. கரடி கிழித்து ஒட்டிப்போன இமைகளோடுதான் அவள் எங்கிருந்தோ வந்து இவர்களோடு சேர்ந்தாள். அவள் கண்களை இங்கே யாரும் பார்த்ததில்லை.

தலைவி அந்த இமைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"சரி, ஏறுங்க."

நடு ஆற்றில், துடுப்புச் சத்தத்துக்கிடையே, கொம்பி நாணலின் காதருகே குனிந்தாள்.

"ஏன்டி, என் கண்ணு என்ன நிறம்?"