மறுமுனையில் கெத்தின்

டப்பா டெலிபோனின் நூல் விறைப்பாக இருந்தது. அப்பாடா, ஒருவழியாக கெத்தின் காரை விட்டு இறங்கிவிட்டான் என்று நெரிஸ் மூச்சு விட்டாள்.

இந்த ஊர் அப்பாக்களைப் பற்றித் தெரியாதா? சுரங்கத் தொழிலாளர் மன்றத்து வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, மழையில் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள். "ஸ்கூலுக்கும் எனக்கும் பதினஞ்சு வயசுலயே விவாகரத்து ஆயிடுச்சு, ஆளை விடு நெரிஸ்" என்பான் கெத்தின்.

மன்றத்தில் பிள்ளைகளுக்காக நெரிஸ் நடத்தும் சனிக்கிழமை இயற்பியல் விளையாட்டுக்கு நிதி தரும் அறக்கட்டளையோ ஒரே பிடியாக நின்றது. பெற்றவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டும். ஒரு பிள்ளை தனியாக நின்றாலும் அடுத்த வருடத்துக்குப் பணம் கிடையாது. அதைப் பார்க்கத்தான் கார்டிஃபிலிருந்து மிஸ் டோலன் வந்திருந்தார்.

மற்ற அப்பாக்களை நெரிஸ் அதட்டி உருட்டி உள்ளே இழுத்துவிட்டாள். கவலையெல்லாம் கெத்தினின் மகள் மாரெட்டைப் பற்றித்தான். எட்டு வயது. பிப்ரவரியில் அவள் அம்மா எலெரி இறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஆசையாக வருவது இங்கே மட்டும்தான். இதுவும் நின்றுபோனால் அந்தப் பிள்ளை என்னாவாள்?

"ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிடு கண்ணு. சமையல்ரூம்ல நின்னு அந்தப் பக்கத்து டப்பாவைப் பிடிக்கச் சொல்லு" என்று அனுப்பியிருந்தாள்.

மாரெட் நனைந்த தலையோடு தனியாகத் திரும்பி வந்து, தன் காலி பீன்ஸ் டப்பாவை எடுத்தாள். சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் போன நூல் தரையிலிருந்து மெல்ல எழும்பி விறைத்தது. கெத்தின் கூச்சக்காரன், பின்வாசலால் நுழைந்திருப்பான் என்று நெரிஸ் நினைத்துக்கொண்டாள்.

மிஸ் டோலன் பக்கத்தில் வந்தார். "இது எப்படிப் பேசும்?"

"ரெண்டு பக்கமும் ஆள் இழுத்துப் பிடிக்கணும் மேடம். ஒருத்தர் விட்டாலும் நூல் தொங்கிடும், சத்தம் போகாது."

அப்போதுதான் மாரெட் பேசினாள்.

"சாப்பிடறேன். ராத்திரிக்கு டோஸ்ட்டும் பீன்ஸும். தினமும் அதேதான்." டப்பாவைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

மற்ற மேசைக்காரர்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். நெரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக்கிப்போடும் லட்சணத்தை அவனிடமே புகார் சொல்கிறாள் பார், நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்றும் இருந்தது.

"யார் கூடப் பேசறா?"

"அவங்க அப்பா கூட மேடம். உள்ளே இருக்கார்."

மிஸ் டோலன் படிவத்தில் கடைசிக் கட்டத்தையும் டிக் செய்தார். "ஒரு பிள்ளை கூடத் தனியா இல்லை. அடுத்த வருஷத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க."

முன்வாசல் கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே கெத்தின் வந்து நின்றான்.

"தப்பா நினைக்காதே நெரிஸ். கார்லயே தூங்கிட்டேன். எல்லாம் முடிஞ்சுதா?"

நெரிஸ் நூலைப் பார்த்தாள். அது தொங்கவில்லை.

மாரெட் அப்பாவைப் பார்த்து டப்பாவை நீட்டினாள்.

"மெதுவா வாங்கிக்கோப்பா, நூல் தொங்கக் கூடாது. அம்மா உன்கிட்ட பேசணுமாம்."